பதினேழாவது வழி

ஏனுங்க, உங்கள் கையில் இருக்கிற அந்தத் தாளை ஒரு நிமிடம் தருகிறீர்களா? பொள்ளாச்சியில் பஸ் எடுத்ததிலிருந்து பார்க்கிறேன். படிக்கவும் இல்லை, மடித்து வைக்கவும் இல்லை, விசிறிக்கொண்டே வருகிறீர்கள். தலைப்பு மட்டும் தெரிந்தது. 'சிறுதொழில் செலவைக் குறைக்க இருபது வழிகள்.' வியாபாரிகள் கூட்டத்தில் கொடுத்தார்களா? இருபதுதானா? நான் முப்பத்தொன்று எழுதியிருக்கிறேன்.

பென்சிலால் குறித்தால் தப்பில்லையே? முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் வணிகவியல் வாத்தியார். எதைக் கையில் கொடுத்தாலும் திருத்தத்தான் தோன்றும். ஒருமுறை கல்யாணப் பத்திரிகையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன். அந்த வீட்டார் வளைகாப்புக்குக்கூடக் கூப்பிடவில்லை.

பாருங்கள், முதல் வழி. 'தேவையற்ற விளக்குகளை அணைக்கவும்.' தேவையற்றது என்று தெரிந்தால் அவனே அணைக்க மாட்டானா? எது தேவையற்றது என்று கண்டுபிடிப்பதில் அல்லவா வித்தை இருக்கிறது? ஏழும் பன்னிரண்டும் ஒரே வழி, சட்டை மட்டும் வேறு. இதை எழுதியவர் ஒரு பட்டறைக்குள்ளும் காலை வைத்திருக்க மாட்டார்.

நீங்கள் என்ன தொழில்? பேக்கரியா? நல்லது. மாவு பிசைகிற மெஷின் வைத்திருக்கிறீர்களா? மூடியைத் திறந்தால் நின்றுவிடுமா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறப்பீர்கள்? எண்ணியதில்லை. எண்ண வேண்டும். அதை அப்புறம் பார்க்கலாம்.

நான் கோயம்புத்தூருக்குப் போகிறேன். லேபர் ஆபீசில் ஒரு விசாரணை. பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள். யார் தரப்புச் சாட்சி என்பதில்தான் கொஞ்சம் சிக்கல். வரிசையாகச் சொல்கிறேன், கேளுங்கள். உங்களுக்கும் பொழுது போகும்.

என் மைத்துனன் வெள்ளியங்கிரி, சௌந்தரத்தின் தம்பி. சௌந்தரம் என் வீட்டுக்காரி. அவன் கணபதிப் பக்கம் ஒரு பட்டறை வைத்திருக்கிறான். பம்பு மோட்டாருக்குள்ளே தகடு தகடாக அடுக்கியிருப்பார்களே, அதை வெட்டுகிற பட்டறை. ஆறு பவர் பிரஸ். பிரஸ் என்றால் அச்சடிக்கிறது அல்ல. மேலேயிருந்து ஒரு இரும்பு இறங்கும், கீழே இருக்கிற தகடு துண்டாகும், அவ்வளவுதான். ஆறிலும் பெண்கள்தான் வேலை செய்தார்கள். பொறுமை அதிகம் என்பான் வெள்ளியங்கிரி. கூலி குறைவு என்பதை அவன் அப்படித்தான் சொல்வான்.

நான் ஓய்வு பெற்ற வருடம் அவன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். "மாமா, மாசா மாசம் கையைக் கடிக்குதுங்க. எங்கே போகுதுன்னே தெரியல. நீங்க படிச்சவங்க, ஒருக்கா வந்து பாருங்க" என்றான். படித்தவர் என்று ஒருவன் சொல்லிவிட்டால் எனக்கு அப்புறம் வீட்டில் இருப்புக் கொள்ளாது.

ஒரு மாதம் போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு குயர் நோட்டு, பென்சில், அழிரப்பர், ஒரு கடிகாரம். வேறொன்றும் இல்லை. யாரையும் மிரட்டவில்லை, யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். முப்பத்தொரு வழியில் ஒன்றில்கூட ஆள்குறைப்பு கிடையாது. கஞ்சன் காசைப் பிடித்து வைப்பான். சிக்கனக்காரன் அசைவைப் பிடித்து வைப்பான். இது நானே எழுதிய வாக்கியம். நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

நான்காவது வழி, மெஷினைப் பழசாக வாங்குவது. எட்டாவது வழி கொஞ்சம் நுட்பமானது. மொத்தம் பதினான்கு பேர் வேலை. பத்துப் பேர் ஆகிவிட்டால் ஈ.எஸ்.ஐ. காப்பீடு கட்ட வேண்டும். ஆகவே பதினான்கை எட்டும் ஆறுமாகப் பிரித்தேன். எட்டு பேர் வெள்ளியங்கிரி கம்பெனி. பிரஸ் ஓட்டுகிற ஆறு பெண்களும் புதுக் கம்பெனி. அதற்கு முதலாளி சௌந்தரம். ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் காகிதத்தை நீட்டினேன். இடது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் பொரியல் வைக்கட்டுங்களா?" என்றாள். அவள் ஒரு நாள்கூட அந்தப் பட்டறையைப் பார்த்ததில்லை.

பதினொன்றாவது, தரையிலோ மெஷின் பக்கத்திலோ தேவையில்லாத பொருள் எதுவும் கிடக்கக்கூடாது. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

பதினேழுக்கு வருகிறேன்.

காலையில் ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ. சுவரில் எழுதியிருப்பது பதினைந்து நிமிடம். என் கடிகாரத்தில் இருபத்திரண்டு. முக்குக்கடைக்கு நடந்து, நின்று குடித்து, ஒரு போண்டாவை இரண்டாகப் பிட்டு, நேற்று யார் வீட்டில் என்ன நடந்தது என்று பேசி, திரும்பி வந்து முந்தானையை இழுத்துச் செருகி உட்கார இருபத்திரண்டு நிமிடம். ஆறு பேர், இரண்டு வேளை. பெருக்கிப் பாருங்கள். நான் சொல்கிறேன், நாலு மணி இருபத்து நாலு நிமிடம். ஒவ்வொரு நாளும் பாதி மெஷின் சும்மா நிற்கிறது என்று அர்த்தம். வெள்ளியங்கிரியிடம் காட்டினேன். "அடப்பாவமே, டீக்கடையிலயா மாமா போகுது?" என்றான்.

டீயை நிறுத்தச் சொல்லவில்லை. அது கொடுமை. டீயை மெஷினுக்குக் கொண்டு வரச் சொன்னேன். கேனில் வரும், அவரவர் இடத்தில் கிளாசில் ஊற்றுவார்கள், மெஷின் நிற்க வேண்டியதில்லை. டீயும் சூடாக இருக்கும், கால் வலியும் மிச்சம். இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

கிணத்துக்கடவு வந்துவிட்டது. நீங்கள் இங்கே இறங்க வேண்டாமே? நல்லது.

மூன்றாவது பிரஸ்ஸில் மயிலாத்தா என்று ஒரு அம்மா. முப்பத்தெட்டு வயது இருக்கும். புருஷன் இல்லை, ஏழாவது படிக்கிற பெண் ஒன்று. வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். முதல் நாள் டீ கிளாசைப் பக்கத்தில் வைத்ததும் என்னைத்தான் பார்த்தாள். "ஏனுங்க வாத்தியாரய்யா, ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா கிளாசை எதுலீங்க புடிக்கறது? எனக்கு தும்பிக்கை கிம்பிக்கை எதாச்சும் இருக்குதுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நியாயமான கேள்வி.

அந்த பிரஸ்ஸில் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்தில் பச்சைப் பட்டன் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் இரும்புக்குக் கீழே இருக்காது. கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன், மறுக்கவில்லை. புது மெஷின் என்றால், ஒரு பட்டன் அமுங்கியே கிடந்தால் அதற்குச் சந்தேகம் வந்து ஓடாமல் படுத்துக்கொள்ளும். நம்முடையது பழசு. நான்காவது வழி. அதற்குச் சந்தேகம் என்பதே கிடையாது.

நான் சட்டைப்பையில் கையை விட்டேன். அழிரப்பர் இருந்தது. பட்டனைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் இருக்கும். பட்டனை அமுக்கி, ரப்பரை அந்த வளையத்துக்கும் பட்டனுக்கும் நடுவில் செருகினேன். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. "இப்போ ஒரு கை ஓய்வு. நிம்மதியாகக் குடியம்மா" என்றேன். மயிலாத்தா இடது கையில் கிளாசைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒரு அமுக்கு அமுக்கினாள். தகடு விழுந்தது. "அட, வாத்தியாருன்னா வாத்தியாருதானுங்க" என்றாள்.

மறைக்காமல் சொல்கிறேன். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு வகுப்பும் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

மறுநாள் மற்ற ஐந்து பேரும் கேட்டார்கள், அவளுக்கு மட்டும் என்ன தனிச்சலுகை என்று. அதே மாதிரி ரப்பர் ஒரு டப்பா வாங்கி வந்தேன். பச்சை நிறம், நடுவில் வெள்ளைக் கோடு, குழந்தைகளுக்குப் பிடிக்கிற வாசனை. இத்தனை மலிவாக இத்தனை பெரிய மிச்சம் எந்த நிபுணனும் பண்ணிக் காட்ட மாட்டான். டீ நேரத்துக்கு மட்டும் என்றுதான் கொடுத்தேன். டீ குடித்த பிறகு எடுத்துவிட வேண்டும் என்று சொன்னேனா என்று கேட்டால், சொல்லியிருப்பேன். சொல்லாமல் இருந்திருக்க மாட்டேன். நோட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் எடுக்கவில்லை. இரண்டு வாரத்தில் நாள் முழுக்க ரப்பர் அங்கேயே இருந்தது. ஒரு கை பட்டனில், இன்னொரு கை தகட்டை நகர்த்துவதில். வேலை முன்னைவிட வேகம். வெள்ளியங்கிரி அந்த மாதம் எனக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தான். நான் பார்த்தேனா என்று கேட்கிறீர்களா? ஸ்டூலில் உட்கார்ந்து வேறு எதைப் பார்ப்பேன்? பார்த்தேன். நோட்டில் பதினேழுக்குப் பக்கத்தில் 'எதிர்பார்த்ததைவிடப் பலன்' என்று எழுதினேன்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீ. மணி பதினொன்றேகால். நான் அங்கேதான் இருந்தேன். மயிலாத்தா டீயைக் குடித்து முடித்துக் கிளாசைக் கீழே வைத்தாள். அப்போது பக்கத்து பிரஸ் பொம்பளையிடம் ஏதோ சொன்னாள். தன் பெண்ணைப் பற்றித்தான், பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவது வந்தாளாம். தகடு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தது. இடது கை அதை நேராக்கப் போனது. வலது கை பழக்கத்தில் அமுக்கியது.

சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. தகடு வெட்டுகிற அதே சத்தம்தான்.

அதை நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பீர்கள்.

மணிக்கட்டு வரைக்கும் போய்விட்டது. அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வெள்ளியங்கிரி ஆஸ்பத்திரிக்குப் போனான். நான் பட்டறையில் இருந்தேன். மற்றவர்கள் எல்லோரும் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆறு மெஷினும் நின்றிருந்தன. நான் அந்தப் பட்டறையில் மௌனம் கேட்டது அன்றைக்குத்தான். சும்மா நிற்கப் பிடிக்காமல் ஒவ்வொரு மெஷினாகப் போய் அந்த ரப்பரை எல்லாம் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஐந்து. மெஷின் பக்கம் தேவையில்லாத பொருள் கிடக்கக்கூடாது என்பது பதினொன்றாவது வழி. வேறு காரணம் எதுவும் இல்லை. மூன்றாவது மெஷினில் இருந்ததை மட்டும் எடுக்கவில்லை. அதன் பக்கம் போக முடியவில்லை. தரை வழுக்கியது.

அதனால் அது ஒன்று மட்டும் அதிகாரிகள் கையில் கிடைத்தது. இப்போது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது, நம்பர் போட்டு.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டிவிட்டோமா? சரி, சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன்.

ஈ.எஸ்.ஐ. இருந்திருந்தால் இந்த வழக்கே இல்லை. அவர்கள் பாட்டுக்கு மாதாமாதம் கொடுத்திருப்பார்கள். இல்லாததால் முதலாளியிடம்தான் இழப்பீடு கேட்க வேண்டும். முதலாளி யார்? சௌந்தரம். நோட்டீஸ் அவள் பேருக்கு வந்தது. மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பளைக்கு எந்தக் கைங்க?" என்று மட்டும் கேட்டாள். இடது என்றேன். அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. இத்தனைக்கும் அவள் பேரில் கம்பெனி இருக்கட்டும் என்று யோசித்து வைத்தது அவள் நன்மைக்காகத்தானே?

வெள்ளியங்கிரியின் வக்கீல் கெட்டிக்காரர். சட்டத்தில் ஒரு வரி இருக்கிறதாம். நானும் தேடிப் படித்தேன், இருக்கிறது. தொழிலாளி தன் பாதுகாப்புக்காக வைத்திருக்கிற சாதனத்தைத் தானே வேண்டுமென்று செயலிழக்கச் செய்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை. ஆள் செத்தாலோ, இனி எந்த வேலையுமே செய்ய முடியாமல் போனாலோ அந்த வரி உதவாது. ஒரு கை போனால் உதவும். அவர் உறைக்குள் இருந்த ரப்பரைப் பார்த்தார், மயிலாத்தாவின் குடும்ப விவரத்தைப் பார்த்தார். ஏழாவது படிக்கிற பெண். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் ரப்பர், வாசனை ரப்பர். தாய் அதை வீட்டிலிருந்து எடுத்து வந்து பட்டனில் செருகிக்கொண்டாள். முதலாளிக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. கதை எப்படி? ஒரு இடத்தில்கூட ஓட்டை இல்லை. நான் பரீட்சைத்தாள் திருத்துகிறவனாக இருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன்.

மற்ற ஐந்து பெண்களும் ஒன்றும் பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வேலை வேண்டுமே, பாவம்.

இனி என் சிக்கல். நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டுதான் போனேன். பெரிய கட்டு, தலையணை மேல் வைத்திருந்தாள். அந்தப் பெண் குழந்தை ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாக அவள் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தது. அழுவாள், திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். மயிலாத்தா என்னைப் பார்த்துக் கொஞ்சம் எழுந்து உட்காரப் பார்த்தாள். வாத்தியார் அல்லவா.

"நீங்க வந்தது நல்லதுங்கய்யா," என்றாள். "இவ ரப்பருன்னு எழுதிட்டாங்களாமா. இவ அழுவுறாளுங்க. அம்மா, நான் எங்கே உனக்கு ரப்பர் குடுத்தேன்னு கேக்கறா. எங்க வக்கீலம்மா சாட்சி யாரு இருக்காங்கன்னு கேட்டாங்க. எங்க வாத்தியாரய்யா இருக்காரு, அவர்தான் கையால செருகிக் குடுத்தாரு, அவரு பொய் சொல்ல மாட்டாருன்னு சொல்லிப்புட்டனுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க."

அந்தக் குழந்தை எனக்கும் ஒரு சுளை நீட்டியது. வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் நன்றாக இருக்காது.

இப்போது சொல்லுங்கள், நான் யார் தரப்புச் சாட்சி? கூப்பிட்டது அவள். கூப்பிட்டிருப்பது என் மனைவிக்கு எதிராக. இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தால் பட்டறையைத்தான் விற்க வேண்டும். நேற்று வெள்ளியங்கிரி போன் பண்ணினான். அவன் குரலே சரியில்லை. "மாமா, நீங்க பொய்யே சொல்ல வேண்டாமுங்க. ரப்பரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றான்.

தெரியாது என்பது பொய்யா? நான் இராத்திரி அதைத்தான் யோசித்தேன். உறைக்குள் இருக்கிற குறிப்பிட்ட ஒரு ரப்பர் என்னுடையதுதானா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரே மாதிரி ஆயிரம் ரப்பர் கடையில் விற்கிறது. நான் முதலில் கொடுத்தது தேய்ந்து போய், அவளே வேறொன்று மாற்றியிருக்கலாம் அல்லவா? மாற்றவே இல்லை என்று யாராவது சத்தியம் பண்ண முடியுமா? பார்க்கப்போனால், தெரியும் என்று சொல்வதில்தான் துல்லியம் குறைவு. சௌந்தரம் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வைத்தாள். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த வாதத்தை அவளிடமும் சொல்லியிருப்பேன்.

என் மேல் யாருக்கும் இரக்கமில்லை, பார்த்தீர்களா? அதுதான் எனக்கு ஆறாமல் இருக்கிறது. முப்பத்தொரு வழி எழுதினேன். முப்பது இன்றைக்கும் நடக்கிறது, பட்டறை அதில்தான் நிற்கிறது. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டு லேபர் ஆபீசுக்கு அலைய விடுகிறார்கள்.

ஈச்சனாரி. பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுக்கொள்ளுங்கள். நான் போட்டுக்கொண்டேன்.

உங்கள் மாவு மெஷினைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? மூடியைத் திறந்ததும் நிற்கிறது என்றீர்களே, அந்த மூடிக்குக் கீழே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதை மட்டும் ஒரு துண்டு…

வேண்டாம். அது இருக்கட்டும். அது அப்படியே இருக்கட்டும். திறந்தால் நிற்கட்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும் நிற்கட்டும்.

உக்கடம் வந்துவிட்டது போலிருக்கிறது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இந்தாருங்கள் உங்கள் தாள். மன்னிக்க வேண்டும், பேசிக்கொண்டே ஓரமெல்லாம் கிறுக்கிவிட்டேன். பென்சில்தான், அழித்துவிடலாம். ரப்பர் இல்லையா? என்னிடம் இருக்கிறது. ஒன்று, இரண்டு… ஐந்து இருக்கும். ஐந்தையும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்குமே? வாசனை இன்னும் போகவில்லை.

ஒரு பக்கம் வளைவாகப் பள்ளம் விழுந்திருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். மறுபக்கம் நன்றாகவே அழிக்கும். இல்லை, திருப்பித் தராதீர்கள். நான் போகிற இடத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போக முடியாது.